மக்கள் பிரதிநிதிக்கு எழுதும் முறை

ஓர் ஊரைக் கற்பனை செய்து கொள்வோம். வயல்களும் வீடுகளும் இருப்புப் பாதைக்கு ஒருபுறம். பள்ளியும் மருத்துவமனையும் மறுபுறம். ரயில்வே கேட் மூடியிருக்கும்போது பிரசவ வலி கண்ட பெண்ணும் வண்டியில் காத்திருக்க வேண்டியுள்ளது. கேட்டின் கீழே சுரங்கப் பாதை வேண்டும் என்று ஊரார் ஆண்டுதோறும் சட்டமன்ற உறுப்பினருக்கு மனு அனுப்புகின்றனர். பயன் ஏதுமில்லை. அவர்களது குறை நியாயமானதே. மனு சென்ற இடமும் அது எழுதப்பட்ட முறையுமே பொருந்தவில்லை.

யாரிடம் கேட்பது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணை அதிகாரங்களை மூன்று பட்டியல்களாகப் பிரிக்கிறது. ரயில்வே, அஞ்சல், பாதுகாப்பு ஆகியவை மத்திய அரசின் பொறுப்பு. காவல், பொதுச் சுகாதாரம் முதலியன மாநில அரசைச் சார்ந்தவை. கல்வி, காடுகள் போன்றவை 1976ஆம் ஆண்டின் 42ஆவது திருத்தத்தால் பொதுப் பட்டியலுக்கு மாற்றப்பட்டன. மத்திய அரசின் முதன்மைப் பொறுப்பில் இல்லாத பொருள் குறித்து மக்களவையில் வினா எழுப்ப விதிகள் இடமளிப்பதில்லை. எனவே சுரங்கப் பாதைக்கான கடிதம் மக்களவை உறுப்பினருக்கும், அதனை அடையும் சாலைக்கான கடிதம் சட்டமன்ற உறுப்பினருக்கும் செல்ல வேண்டும்.

எதனைக் கேட்பது?

1985ஆம் ஆண்டின் 52ஆவது திருத்தம் கட்சித் தாவலைத் தடை செய்தது. அதன்பின், கட்சியின் கட்டளைக்கு மாறாக அவையில் வாக்களிக்கும் உறுப்பினர் பதவியை இழக்க நேரிடலாம். ஆனால் வினா எழுப்புவதையும், அமைச்சருக்கு எழுதுவதையும், மனுவை அவையில் அளிப்பதையும் அத்தடை கட்டுப்படுத்தாது. ஆகவே உறுப்பினரால் செய்யக்கூடிய ஒன்றைக் கேட்பதே அறிவுடைமையாகும்.

மக்களவையில் நட்சத்திரக் குறியிட்ட வினாவுக்கு அமைச்சர் வாய்மொழியாக விடையளிப்பார். துணை வினாக்களும் எழுப்பலாம். குறியிடாத வினாவுக்கு எழுத்து மூலம் விடை கிடைக்கும். ஒரு வினா பொதுவாக 150 சொற்களுக்கு மிகலாகாது. 377ஆவது விதியின்கீழ் எழுப்பப்படும் பொருளுக்கோ 250 சொற்களே எல்லை. இந்த அளவுக்குள் அடங்கும் செய்தியே உறுப்பினருக்கு உதவும்.

தொகுதி மேம்பாட்டு நிதி குறித்தும் தெளிவு தேவை. 1993இல் தொடங்கப்பட்ட இத்திட்டத்தில் ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் ஒதுக்கப்படுகிறது. அவர் பணிகளைப் பரிந்துரைப்பாரேயன்றி, அவற்றுக்கு ஒப்புதல் வழங்குபவர் அவரல்லர்.

எவ்வாறு எழுதுவது?

‘எங்கள் ஊர் புறக்கணிக்கப்படுகிறது’ என்னும் வாக்கியத்தைக் கொண்டு உறுப்பினர் எதுவும் செய்ய இயலாது. கேட்டின் எண், அது ஒரு நாளில் மூடப்படும் நேரம், கடந்து செல்லும் மாணவர்களின் எண்ணிக்கை, முன்னர் எழுதிய கடிதங்களின் தேதி, அவற்றிற்குக் கிடைத்த பதில் ஆகியவை இருந்தால் அக்கடிதமே பாதி வினாவாகிவிடும். அலுவலகத்திலுள்ள விவரங்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் கீழ் கேட்டுப் பெறலாம். ஒரு கடிதத்தில் ஒரு கோரிக்கை போதும். அதனை முதல் பத்தியிலேயே கூறிவிடுவது நலம்.

மனுக்கள் குழு

பொதுநலம் சார்ந்த பொருளை அவையின் முன்பே வைக்கவும் குடிமக்களுக்கு வழியுண்டு. 1924இல் மத்திய சட்டசபையில் தோன்றிய மனுக்கள் குழுவின் மரபு இன்றும் தொடர்கிறது. மக்களவைக் குழுவில் 15 உறுப்பினர்கள் உள்ளனர்; அமைச்சர்கள் இதில் இடம்பெற இயலாது. மனு அவைக்கு முகவரியிடப்பட்டு, மரியாதையான நடையில் அமைந்து, திட்டவட்டமான வேண்டுகோளுடன் முடிய வேண்டும். அதனுடன் வேறு ஆவணங்களை இணைத்தல் கூடாது. நீதிமன்ற விசாரணையிலுள்ள பொருள்கள் ஏற்கப்படுவதில்லை.

குறை தீர்க்கக் கோரி அரசு அதிகாரிகளுக்கு அளிக்கும் முறையீட்டை நாட்டில் வழங்கும் மொழி எதிலும் எழுதலாம் என 350ஆவது உறுப்பு உறுதியளிக்கிறது. மக்களவைக்கு அளிக்கும் மனுவோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். தமிழில் எழுதினால், மனுதாரர் கையொப்பமிட்ட மொழிபெயர்ப்பை உடன் வைக்க வேண்டும்.

அலுவலர் கடமை

நாடாளுமன்ற உறுப்பினரின் கடிதத்துக்கு 15 நாட்களுக்குள் ஒப்புகையும், அடுத்த 15 நாட்களுக்குள் பதிலும் அனுப்ப வேண்டும் என்பது மத்திய அரசுத் துறைகளுக்கான அறிவுரை. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில் கோப்பினை மூட உதவலாம். கேட்டைத் திறக்க உதவாது. இயலாதெனில், இயலாமைக்கான காரணத்தைத் தெளிவாகக் கூறுவதே முறை. அக்காரணம் தெரிந்தால்தான் ஊரார் அடுத்த கடிதத்தைச் சரியாக எழுத முடியும்.

வாக்குச் சீட்டு ஒரு பிரதிநிதியை அனுப்பி வைக்கிறது. அங்கே அவர் எதைப் பேச வேண்டும் என்பதை மக்களின் கடிதங்களே அவருக்குத் தெரிவிக்கின்றன. அவற்றைச் செம்மையாக எழுதக் கற்பதும் குடிமைப் பயிற்சியின் ஒரு பகுதியாகும்.