எல்லோரும் ஜெயித்தால்தான் ஜெயம்
சீட்டுக்கட்டும் பகடையும் வைத்து குழுவுக்கு ஒரு விளையாட்டு



சீட்டுக்கட்டு என்றதும் "அதாலதானே எத்தனையோ குடும்பம் கெட்டுப் போச்சு" என்று உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். நியாயம்தான். காசு வைத்து ஆடும் சீட்டு குடும்பத்தைக் கெடுக்கும். இந்தப் பாடத்தில் நாம் பார்க்கப் போவது வேறு. இதில் காசு கிடையாது. ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதும் கிடையாது. ஐந்து பேர் சேர்ந்து ஜெயிப்பார்கள், அல்லது ஐந்து பேரும் சேர்ந்து தோற்பார்கள்.

எதற்காக இந்த விளையாட்டு?

நம் கூட்டங்களில் சேமிப்பு, உள்கடன், தவணை எல்லாம் பேசுகிறோம். ஆனால் பேசுவது யார்? பல குழுக்களில் ஊக்குநரும் இன்னும் இரண்டு பேரும் பேசுவார்கள். மற்றவர்கள் "நீங்க சொன்னா சரிதாங்கக்கா" என்று தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு தவணை கட்ட முடியாத உறுப்பினர் வெட்கப்பட்டு அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். இதை நேரடியாகப் பேசினால் மனஸ்தாபம் வரும். விளையாட்டில் வைத்துப் பேசினால் யாருக்கும் வலிக்காது.

கூட்டு விளையாட்டு என்றால் என்ன?

வைகுண்ட ஏகாதசி இரவில் நாம் ஆடும் பரமபதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏணியில் ஏறுபவர் தனியாக ஏறுகிறார். பாம்பு கடித்தவர் தனியாக இறங்குகிறார். மற்றவர் கை கொடுக்க வழியே இல்லை. தாயத்தில் அடுத்தவர் காயை வெட்டினால்தான் நமக்கு லாபம்.

கூட்டு விளையாட்டில் எதிரி மனிதர் அல்ல, விளையாட்டேதான். மாட் லீகாக் என்ற அமெரிக்கர் உருவாக்கி 2008-ல் வெளிவந்த 'பாண்டமிக்' என்ற விளையாட்டு இதற்கு நல்ல உதாரணம். நான்கு நோய்கள் உலகமெங்கும் பரவும். ஆடுபவர்கள் ஒன்று சேர்ந்து மருந்து கண்டுபிடிக்க வேண்டும். அதற்குள் சீட்டு தீர்ந்துவிட்டால் எல்லோருக்கும் தோல்விதான். அந்தப் பெட்டியை வாங்கினால்தான் ஆடலாம் என்பதில்லை. பெட்டிக்கடைச் சீட்டுக்கட்டிலேயே நம் வாழ்க்கையை வைத்து ஒரு விளையாட்டு செய்யலாம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் சீட்டில் உள்ள புள்ளிகளை எண்ணிவிடுவார்.

தேவையான பொருட்கள்

ஒரு சீட்டுக்கட்டு, ஒரு பகடை, 10 புளியங்கொட்டை. ஓர் ஆட்டத்துக்கு 5 பேர். 15 பேர் உள்ள குழு என்றால் மூன்று வட்டமாக உட்காரலாம்.

ஜோக்கர்களையும் 4 ராஜாக்களையும் ஓரமாக வையுங்கள். 4 ஜாக்கி, 4 ராணி ஆகிய 8 சீட்டும் கஷ்டச் சீட்டுகள். ஜாக்கி சின்ன கஷ்டம், ராணி பெரிய கஷ்டம். ஆட்டின் வந்தால் உடல்நலம், டைமண்ட் வந்தால் பிள்ளைகளின் படிப்பு, கிளாவர் வந்தால் ஆடு மாடு பயிர், ஸ்பேட் வந்தால் வீடு அல்லது வேலை. 1 முதல் 10 வரையுள்ள 40 சீட்டும் உழைப்புச் சீட்டுகள் (ஆஸ் என்றால் 1). புளியங்கொட்டைதான் பொதுநிதி.

ஆடும் முறை

1. ஆளுக்கு 4 உழைப்புச் சீட்டு கொடுங்கள். அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. மீதி 20 சீட்டை நடுவில் கவிழ்த்து வையுங்கள். கஷ்டச் சீட்டுகளைக் கலைத்துத் தனியாகக் கவிழ்த்து வையுங்கள்.

2. முறை வந்தவர் ஒரு கஷ்டச் சீட்டைத் திருப்பி, அது என்ன கஷ்டம் என்று தன் சொந்த வார்த்தையில் சொல்ல வேண்டும். பிறகு பகடை உருட்ட வேண்டும். ஜாக்கி என்றால் 16, ராணி என்றால் 20. அதோடு பகடையில் விழுந்ததைக் கூட்டினால் வருவதே தேவை.

3. கஷ்டம் வந்தவர் அந்தச் சுற்றில் சீட்டு போடக் கூடாது. மற்ற நால்வரும் ஆளுக்கு ஒரு சீட்டு போட்டு அந்தத் தேவையை நிரப்ப வேண்டும்.

4. சீட்டின் எண்ணைச் சொல்லக் கூடாது. மூன்று வார்த்தை மட்டும் சொல்லலாம். 1 முதல் 3 வரை போடப் போகிறவர் "இந்தத் தடவை முடியாது" என்பார். 4 முதல் 7 வரை என்றால் "கொஞ்சம் முடியும்". 8 முதல் 10 வரை என்றால் "நல்லா முடியும்". குழுவில் எப்போதும் குறைவாகப் பேசுபவர் முதலில் சொல்ல வேண்டும். ஊக்குநர் கடைசியில்தான் சொல்ல வேண்டும்.

5. நால்வரும் கவிழ்த்து வைத்து ஒன்றாகத் திருப்புங்கள். தேவை நிரம்பினால் கஷ்டம் தீர்ந்தது. அதிகமாக வந்தது திரும்பக் கிடைக்காது.

6. குறைந்தால் ஒரு புள்ளிக்கு ஒரு புளியங்கொட்டை கொடுத்து நிரப்பலாம். கொடுப்பதா வேண்டாமா என்று ஐந்து பேரும் கை தூக்கி முடிவு செய்ய வேண்டும். நிரப்பாவிட்டால் கஷ்டச் சீட்டு அப்படியே நிற்கும். இரண்டு கஷ்டம் நின்றால் எல்லோரும் தோற்றார்கள்.

7. சீட்டு போட்ட நால்வரும் நடுவிலிருந்து ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். ஐந்தாவது சுற்றோடு நடுவில் உள்ள சீட்டு தீர்ந்துவிடும். கடைசி மூன்று சுற்றுக்குக் கையில் உள்ளதுதான். எட்டுச் சுற்றும் தாண்டினால் எல்லோருக்கும் ஜெயம்.

ஏன் எண்ணைச் சொல்லக் கூடாது?

கூட்டு விளையாட்டுகளுக்கு ஒரு பொதுவான வியாதி உண்டு. கெட்டிக்காரர் ஒருவர் "நீ இதைப் போடு, நீ அதைப் போடு" என்று ஐந்து பேருக்கும் தானே ஆடிவிடுவார். மற்றவர்கள் பொம்மை ஆகிவிடுவார்கள். நம் குழுக்களில் இருப்பதும் இதே வியாதிதான். 2010-ல் வந்த 'ஹனாபி' என்ற விளையாட்டில் தன் சீட்டு தனக்கே தெரியாது, அடுத்தவருக்குத்தான் தெரியும். அதனால் யாரும் தனியாக முடிவெடுக்க முடியாது. நம் விளையாட்டில் மூன்று வார்த்தை விதி அந்த வேலையைச் செய்கிறது. ஒருவர் கையில் இருப்பது மற்றவருக்குத் தெரியாததால், அவரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

"முடியாது" என்றவரும் ஒரு சீட்டு போடுகிறார் என்பதைக் கவனியுங்கள். தேவை 22, மற்ற மூவர் போட்டது 21 என்றால், அவர் போடும் ஒரு புள்ளிதான் கஷ்டத்தைத் தீர்க்கிறது.

கணக்கு எப்படி அமைந்தது?

ஒரு விளையாட்டை உருவாக்கும்போது இதுதான் முக்கியம். உழைப்புச் சீட்டுகளின் சராசரி 5½. நாலு சீட்டுக்கு 22. தேவையின் சராசரி 18, அதோடு பகடையின் சராசரி 3½, ஆக 21½. கண்ணை மூடிக்கொண்டு போட்டால் ஏறக்குறைய பாதிச் சுற்றுகளில் தடுமாறுவோம். பேசி, யோசித்துப் போட்டால் பிழைப்போம்.

ஒரு பகடையில் 1 முதல் 6 வரை எல்லாம் சமமாக வரும். இரண்டு பகடை உருட்டினால் அப்படி இல்லை. 36 வகையில் 7 மட்டும் 6 வகையில் வரும். 2-ம் 12-ம் ஒவ்வொரு வகையில்தான் வரும். சராசரியும் 7 ஆகிவிடும். ஆகவே இரண்டு பகடை வைத்தால் ஜாக்கி, ராணியின் எண்ணைக் குறைக்க வேண்டும்.

பத்து ஆட்டம் ஆடிப் பார்த்து எழுதி வையுங்கள். ஒன்பது ஆட்டம் ஜெயித்தால் விளையாட்டு சுலபம், தேவையில் 2 கூட்டுங்கள். ஒன்றிரண்டுதான் ஜெயித்தால் புளியங்கொட்டையைக் கூட்டுங்கள். பாதிக்குப் பாதி என்றால் சரியான அளவு.

பழகிய பிறகு

ஓரமாக வைத்த ராஜாவை வங்கிக் கடனாகச் சேர்க்கலாம். ராஜாவை எடுத்தால் அந்தச் சுற்றுக்கு 10 புள்ளி கிடைக்கும். அடுத்த இரண்டு சுற்றிலும் தேவையில் 6, 6 கூடும். 10 வாங்கி 12 கட்டுகிறோம். ஒரு கடன் முடியாமல் அடுத்த ராஜாவைத் தொடக் கூடாது. கடைசி இரண்டு சுற்றில் கடன் கிடையாது.

கூட்டத்தில் பேச வேண்டியவை

* புளியங்கொட்டையை யாருக்குக் கொடுத்தோம், யாருக்கு மறுத்தோம்? ஏன்?
* முதல் சுற்றிலேயே பெரிய சீட்டைப் போட்டவர் கடைசியில் என்ன ஆனார்?
* "முடியாது" என்று சொல்லத் தயங்கியவர் உண்டா? நிஜக் கூட்டத்தில் அப்படித் தயங்குபவர் யார்?
* கஷ்டம் வந்தவர் சும்மா உட்கார்ந்திருந்தபோது அவருக்கு எப்படி இருந்தது?

கடைசிக் கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். எட்டுச் சுற்றில் ஐந்து பேருக்குமே கஷ்டம் வந்துவிடும். இன்று கொடுத்தவர் நாளை கேட்பவராகவும் இருப்பார் என்பது அப்போது விளங்கும். தவணை தவறியவர் வீட்டுக்கு நாலு பேர் போகும்போது "ஏன் கட்டல?" என்று கேட்பதா, "என்னம்மா ஆச்சு?" என்று கேட்பதா என்பதையும் அன்றே பேசி முடிவு செய்யுங்கள்.

அடுத்த கூட்டத்தில் சேமிப்பு வசூல் முடிந்ததும் ஆடிப் பாருங்கள். கடலோர ஊர் என்றால் கிளாவருக்கு வலையும் படகும் என்று வையுங்கள், நெசவு ஊர் என்றால் தறி என்று வையுங்கள். நீங்கள் மாற்றிய விதிகளைக் கூட்டமைப்புக்கு எழுதி அனுப்புங்கள், மற்ற குழுக்களும் ஆடட்டும்.