ஓடும் படகில் இழுவைத் தூண்டில்: தேர்வு செய்தலும் பொருத்துதலும்

நெய்மீன் (வஞ்சிரம்), சூரை, பாறை, ஊழி ஆகியவை ஓடும் இரையைத் துரத்திக் கவ்வும் மீன்கள். இந்த இயல்பைப் பயன்படுத்தி, படகை ஓட்டியபடியே பின்னால் தூண்டில்களை இழுத்துச் செல்வதுதான் இழுவைத் தூண்டில் முறை. இது கடலடியைக் கலைக்கும் இழுவை மடித் தொழிலிலிருந்து வேறானது. மீன் ஒவ்வொன்றாக, நசுங்காமல் கரைக்கு வருவதால் நல்ல விலை கிடைக்கும்.

ஆனால் இம்முறையில் எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கும். 10 குதிரைசக்தி டீசல் எஞ்சின் முழு விசையில் மணிக்கு 2 லிட்டருக்கு மேல் டீசல் குடிக்கும். தூண்டில்கள் ஒன்றோடொன்று சிக்கிக்கொண்டால் அன்றைய டீசல் வீண். கயிறு விசிறியில் சுற்றினால் படகும் நின்றுவிடும். ஆகவே கருவிகளைத் தேர்ந்தெடுத்துச் சரியாகப் பொருத்துவது அவசியம்.

கருவிகள்

28 அடி கண்ணாடி இழைப் படகில் புதிதாகத் தொடங்குவோருக்கு நான்கு தூண்டில்கள் போதும். பிரதான கயிற்றுக்கு 1.2 முதல் 1.5 மி.மீ. கனமுள்ள தங்கூசி ஏற்றது. இதைவிட மெல்லியது கையை அறுக்கும்.

நெய்மீனின் பற்கள் தங்கூசியை எளிதில் வெட்டிவிடும். எனவே முள்ளுக்கு முன்னால் 2 அல்லது 3 அடி நீளத்திற்கு எவர்சில்வர் கம்பி வைக்க வேண்டும். முள்ளைக் கட்டும்போது, கம்பியின் இரு இழைகளையும் ஒன்றோடொன்று ஐந்தாறு முறை முறுக்கிய பிறகே முனையை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். ஓர் இழையின் மேல் மற்றதை வெறுமனே சுற்றினால், பெரிய மீன் இழுக்கும்போது நழுவிவிடும்.

கம்பியும் தங்கூசியும் சேருமிடத்தில் சுழலும் வளையம் ஒன்று தேவை. இது இல்லையெனில் தங்கூசி முறுக்கேறிச் சுருண்டுவிடும்.

கழிகளைப் பொருத்துதல்

இரு பக்கமும் 15 அடி நீளமுள்ள, நன்கு முற்றிய மூங்கில் கழிகளைச் சாய்வாக நீட்டினால் தூண்டில்கள் விலகி நிற்கும். கழியின் அடி, படகின் உட்புறம் மரக்குழியில் அமர வேண்டும். நடுப்பகுதியை விளிம்பில் கட்ட வேண்டும். ஒரு கயிறு கழி நுனியிலிருந்து அணியத்திற்கும், மற்றொன்று மேல்நோக்கிக் கம்பத்திற்கும் செல்ல வேண்டும். மீன் இழுக்கும் விசையை அணியக் கயிறு தாங்கும்.

கண்ணாடி இழை விளிம்பில் நேராகத் துளையிட்டு ஆணி முடுக்குவது தவறு. கழியின் நீளத்தால் பெருகும் விசை விளிம்பைக் கிழித்துவிடும். உள்ளேயும் வெளியேயும் மரப்பலகை வைத்து, அகன்ற வாஷருடன் போல்ட் போட வேண்டும். துளையில் நீர் இறங்காதபடி அடைக்கவும் வேண்டும்.

தங்கூசியைக் கழி நுனியில் கட்டும்போது இடையில் ஓரடி நீள ரப்பர்க் குழாய்த் துண்டைச் சேர்க்கலாம். அது திடீர் அதிர்ச்சியைத் தாங்கும். ரப்பர் அறுந்தாலும் மீன் போகாதபடி, அதனுடன் தளர்வான கயிறு ஒன்றையும் கட்ட வேண்டும். தங்கூசியிலிருந்து படகு விளிம்புக்கு ஓர் இழுப்புக் கயிறு இருந்தால், மீனை ஏற்றுவதற்காகக் கழியில் ஏற வேண்டியதில்லை.

நீளமும் வேகமும்

பின்புறத் தூண்டில்கள் இரண்டும் குட்டையாகவும் ஈயக் குண்டுடனும் ஆழத்தில் ஓட வேண்டும். கழித் தூண்டில்கள் நீளமாகவும் மேல்மட்டத்திலும் ஓட வேண்டும். உதாரணமாக, பின்புறம் 8, 12 பாகம். கழிகளில் 18, 22 பாகம். நீளமும் ஆழமும் வேறுபட்டால் திரும்பும்போது சிக்கல் குறையும். அப்போதும் வட்டத்தைப் பெரிதாக எடுத்தே திரும்ப வேண்டும்.

சாளை, முரல் போன்ற இயற்கை இரைக்கு 3 முதல் 4 நாட் வேகமும், செயற்கை இரைக்கு 5 முதல் 7 நாட் வேகமும் பொருந்தும். வேகமானி இல்லாவிட்டால், அணியத்தில் ஒரு மரத்துண்டைப் போட்டு அது பின்புறத்தைக் கடக்கும் நேரத்தைக் கணக்கிடலாம். 28 அடிப் படகில் 4 விநாடி என்றால் ஏறத்தாழ 4 நாட். 3 விநாடிக்குச் சற்றுக் குறைவு என்றால் 6 நாட். இரையை முதலில் படகின் அருகே ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அது சுழலாமல் நேராக நீந்த வேண்டும்.

கவனம் தேவை

தங்கூசியை ஒருபோதும் கையில் சுற்றிக்கொண்டு இழுக்கக் கூடாது. பெரிய மீன் ஒரு முறை பாய்ந்தால் விரல் போய்விடும். கையுறை அணிவது நலம். ஏறிய கயிற்றைக் காலடியில் விடாமல் கூடையில் அடுக்க வேண்டும். மீன் கடித்தவுடன் வேகத்தைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் கயிறு தளர்ந்து மீன் விடுபடும். மற்ற தூண்டில்கள் அமிழ்ந்து விசிறியை நோக்கி வரும்.

ஆனால் எவருடைய காலிலாவது கையிலாவது கயிறு சுற்றினால் மீனைப் பார்க்கக் கூடாது. உடனே எஞ்சினை விடுவித்துக் கயிற்றை அறுத்துவிட வேண்டும். இதற்கென ஒரு கூரிய கத்தி சுக்கான் பிடிப்பவர் அருகிலேயே எப்போதும் இருக்க வேண்டும். அறுந்துபோன தூண்டிலை மறுநாள் மாலைக்குள் கட்டிவிடலாம். இழந்த விரல் திரும்ப வராது.