கச்சேரித் தொழில்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

கர்நாடக இசையைத் தொழிலாக ஏற்க முனையும் இளைஞருக்குப் பாடாந்தரம், அதாவது குரு வழியாக வந்து சேரும் பாடல் தொகுதியும் பாணியும், குறைவின்றி அமைந்தாலும், தொழில் நடைமுறை பற்றி அவர் அறிந்தவை பெரும்பாலும் செவிவழிச் செய்திகளே ஆகும். அவற்றுள் மூன்று இங்கே ஆராயப்படுகின்றன.

நம்பிக்கை 1: டிசம்பர் சீசனில் மேடை கிடைத்தால் தொழில் நிலைபெற்றுவிடும்.

உண்மை: 1928இல் நிறுவப்பட்ட சென்னை மியூசிக் அகாடமி முதலான சபாக்களில் இளங்கலைஞருக்குப் பெரும்பாலும் பகல் நேரமே ஒதுக்கப்படுவதாலும், அந்நேரக் கச்சேரிகள் பலவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லாமையாலும், அவை அறிமுகத்தைத் தருமேயன்றிப் பெரிய வருவாயைத் தருவதில்லை. அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில் தேறிப் பெறும் தரமோ ஆண்டு முழுவதும் பயன்படுவது. பி, பி ஹை, ஏ, டாப் என ஏறிச் செல்லும் அத்தரம் வானொலி ஊதியத்தை வரையறுப்பதோடு, பிற அமைப்பாளர்களிடமும் தகுதிச் சான்றாகக் காட்டப்படுகிறது.

நம்பிக்கை 2: செவ்வியல் கச்சேரிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

உண்மை: செவ்வியல், நாட்டார் கலை நிகழ்ச்சிகளுக்கான விலக்கு, ஒரு நிகழ்ச்சிக்கான ஊதியம் 1.5 லட்சம் ரூபாயைத் தாண்டாதவரை மட்டுமே பொருந்தும். மெல்லிசைக்கும் விளம்பரத் தூதர் பணிக்கும் அது பொருந்தாது.

நம்பிக்கை 3: கீர்த்தனைகள் பழையவை, ஆகவே பாடுபவருக்கும் உரிமை ஏதுமில்லை.

உண்மை: இந்தியாவில் பாடலின் பதிப்புரிமை, இயற்றியவர் மறைந்த ஆண்டுக்குப்பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். 1847இல் மறைந்த தியாகராஜரின் கிருதிகளை எவரும் பாடிப் பதிவுசெய்யலாம். 1973இல் மறைந்த பாபநாசம் சிவனின் பாடல்களுக்கோ 2033ஆம் ஆண்டு முடியும்வரை பாதுகாப்பு உண்டு. ஆயினும் பாடலின் உரிமை வேறு, அதைப் பாடிய நிகழ்த்துதலின் உரிமை வேறு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் திருத்தத்தின் வழி இடம்பெற்ற நிகழ்த்துநர் உரிமை, பாடகருக்கும் வயலின், மிருதங்கம் முதலான பக்கவாத்தியக் கலைஞருக்கும் ஒருங்கே உரியது. நிகழ்த்திய ஆண்டுக்குப்பின் 50 ஆண்டுகள் நிலைப்பது. 2012ஆம் ஆண்டுத் திருத்தமோ, தம் பெயர் குறிப்பிடப்பட வேண்டும் என்றும், நற்பெயருக்கு ஊறு விளைக்கும் வகையில் நிகழ்த்துதல் சிதைக்கப்படக் கூடாது என்றும் கோரும் உரிமையைச் சேர்த்தது.

எனவே, தியாகராஜ கிருதிகள் மட்டுமே பாடப்பட்ட கச்சேரியாயினும், அதைப் பதிவுசெய்து யூடியூபில் வெளியிட மேடையில் அமர்ந்த ஒவ்வொருவரின் இசைவும் தேவைப்படுகிறது. சன்மானத் தொகை, பதிவுக்கான இசைவு, வெளியிடப்படும் தளம், வருவாய்ப் பங்கு ஆகிய நான்கையும் கச்சேரிக்கு முன்பே எழுத்தில் பெறுவது அமைப்பாளரை ஐயுறுவதாகாது. சட்டம் ஏற்கெனவே அளித்துள்ள உரிமையை அறியாமல் இழந்துவிடாதிருப்பதற்கான வழியே அது.