ஓடுபாதைக்கும் மதிப்பெண் உண்டு

கேள்வி: விமானத்தின் ஜன்னல் வழியே பார்த்தால் ஓடுபாதை நன்றாகத்தான் தெரிகிறது. ஆனாலும் அதை மூடிவிட்டுப் புதிதாகத் தார் போடுகிறார்கள். எப்போது கெடும் என்று முன்கூட்டியே எப்படித் தெரியும்?
- வாசகர், திருச்சி

பதில்: முதல் கருவி மனிதக் கண்தான். அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை 1970-களில் உருவாக்கிய தளநிலைக் குறியீடு என்ற முறை இன்றும் புழக்கத்தில் உள்ளது. தார் ஓடுபாதையைச் சுமார் 5,000 சதுர அடிக் கூறுகளாகப் பிரிப்பார்கள். கான்கிரீட் என்றால் ஏறத்தாழ 20 பாளங்கள் ஒரு கூறு. அவற்றில் சிலவற்றை நடந்தே பார்த்து, விரிசலா, பள்ளமா, ஜல்லி பெயர்ந்திருக்கிறதா, எவ்வளவு கடுமை, எவ்வளவு பரப்பு என்று குறித்து, 100-லிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள். 86-உம் அதற்கு மேலும் நல்ல நிலை. 10-க்குள் வந்துவிட்டால் தளம் செத்த மாதிரிதான்.

மதிப்பெண் எதனால் குறைந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத் தோல் போல விரிசல் விட்டிருந்தால், விமானத்தின் பாரத்தைத் தளம் தாங்கவில்லை என்று பொருள். கட்டம் கட்டமாகப் பரந்த விரிசல் என்றால், வெயிலிலும் வயதிலும் தார் இறுகிவிட்டது. முதல் வகையின் மேல் மெல்லிசாகத் தார் பூசினால் அதே விரிசல் மேலே வந்து நிற்கும். அதனால், கனமான எடையைத் தளத்தின் மேல் விழவிட்டு, அது எவ்வளவு அமுங்குகிறது என்று அளந்து அடித்தளத்தின் வலுவை அறிகிறார்கள். மழையில் சக்கரம் வழுக்குமா என்பதற்கு உராய்வுச் சோதனை தனி.

இனி கணிப்பு. ஒரே வகைக் கட்டுமானமும் போக்குவரத்தும் உள்ள தளங்களை ஒரு குடும்பமாகச் சேர்த்து, வயதுக்கு எதிரே மதிப்பெண்ணைக் குறித்தால் ஒரு வளைகோடு கிடைக்கும். உங்கள் ஓடுபாதையின் கடைசி மதிப்பெண் வழியாக அந்தக் கோட்டை நகர்த்தி வரைந்தால், வரும் ஆண்டுகளின் நிலை தெரியும். அந்தக் கோடு பல ஆண்டுகள் மெல்ல இறங்கும். பிறகு மளமளவென்று சரியும். சரிவுக்கு முன் கைவைத்தால் மேற்பரப்பு வேலையோடு முடியும். தவறவிட்டால் அடித்தளம் வரை தோண்ட நேரிடும். அதற்குள் பெயர்ந்த ஜல்லியை ஜெட் என்ஜின் உறிஞ்சிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு.

ஆகவே, பார்வைக்கு நன்றாக இருக்கும்போதே ஓடுபாதையில் வேலை நடக்கிறதென்றால், பெரும்பாலும் அங்கே கணக்கைச் சரியாகப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பலாம்.