திறக்காத டிபன் பாக்ஸ்

கேள்வி: ஊட்டி அரசு கலைக் கல்லூரியில் படிக்கிறேன். என்னோடு பஸ்ஸில் வரும் எஸ்டேட் தோழி ஒரு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை. மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறப்பதுகூட இல்லை. என்ன செய்யட்டும்?
– வாசகி, கோத்தகிரி

பதில்: நீ கவனித்ததே பெரிய உதவி, மகளே. துருவிக் கேட்காதே. பக்கத்தில் உட்கார்ந்து உன் சாப்பாட்டில் பாதியை அவளுக்கு வை. விடியுமுன் எழுந்து கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவிடம் தன் கஷ்டத்தைச் சொல்லப் பல பெண்களுக்கு மனம் வராது, உன்னிடம் சொல்லக்கூடும். அப்போது புத்தி சொல்லாதே, கேள். சாவதைப் பற்றிப் பேசினால் மட்டும் ரகசியம் காக்காதே. தனியே விடாமல், நம்பும் ஆசிரியரிடம் உடனே சொல். தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘நட்புடன் உங்களோடு’ மனநலச் சேவையின் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. முதல் அழைப்பின்போது நீ அவள் பக்கத்தில் இரு.