கணிப்பொறிப் பாடம்: சிட்டையும் பேரேடும்



நம் சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு, நூலகப் பட்டியல், நன்கொடை ரசீது ஆகிய மூன்றையும் ஒரே கணிப்பொறியில் ஏற்றும் பணி நடந்து வருகிறது. அதில் உதவும் கல்லூரி மாணவர்கள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "சார், எல்லாத் தகவலையும் நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால் வேகமாக இருக்குமே, எதற்காக டிஸ்க்கில் கோப்பாக எழுத வேண்டும்?" நல்ல கேள்வி. பொங்கல் விழா நாளில் ரசீது கவுண்டரில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு வேகத்தின் அருமை தெரியும். ஆகவே இந்த இதழின் பாடத்தை இதற்கே ஒதுக்குகிறேன்.

வங்கிகளில் உள்ள பெரிய டேட்டாபேஸ்களுக்குத் தனி சர்வர் வேண்டும். சிறு பணிகளுக்கு அது தேவையில்லை. மென்பொருளுக்குள்ளேயே ஓர் உறுப்பாக அமர்ந்து வேலை செய்யும் டேட்டாபேஸ் உண்டு. இதை உட்பொதி டேட்டாபேஸ் எனலாம். இவ்வகையில் பெயர் பெற்றது எஸ்.க்யூ.லைட். அமெரிக்காவைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹிப் 2000-ஆம் ஆண்டு இதை வெளியிட்டார். உரிமைத் தொகை ஏதும் கிடையாது. உங்கள் சட்டைப்பையில் உள்ள கைப்பேசியிலும் இது இருக்கிறது. ஒரு டேட்டாபேஸ் முழுவதும் ஒரே கோப்பில் அடங்கிவிடும். கோப்பின் பெயர் கேட்கும் இடத்தில் மெமரி என்ற சொல்லை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் முக்காற்புள்ளி இட்டு எழுதினால், கோப்பே இல்லாமல் நினைவகத்தில் மட்டும் இயங்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மளிகைக் கடைக் கணக்கோடு ஒப்பிடலாம். நினைவகம் என்பது கரும்பலகை. எழுதுவது எளிது, அழிவதும் எளிது. கோப்பு என்பது பேரேடு. எழுத நேரமாகும். ஆனால் கடையைப் பூட்டி மறுநாள் திறந்தாலும் கணக்கு அப்படியே இருக்கும்.

பேரேட்டில் எழுத ஏன் தாமதம்? ஒரு பதிவை முடித்ததும், அது டிஸ்க்கில் உண்மையாகவே பதிந்துவிட்டது என்று உறுதியாகும் வரை எஸ்.க்யூ.லைட் காத்திருக்கும். சுழலும் ஹார்டு டிஸ்க் நிமிடத்திற்கு 7200 முறை, அதாவது விநாடிக்கு 120 முறை சுற்றும். இப்படி உறுதி செய்யும் ஒவ்வொரு முறையும் இரண்டு முழுச் சுற்றுகள் தேவைப்படும். ஆக விநாடிக்குச் சுமார் 60 முறைதான் உறுதி செய்யலாம். 1000 ரசீதுகளைத் தனித்தனியே உறுதி செய்தால் ஏறத்தாழ 17 விநாடி ஆகும். சுழலாத எஸ்.எஸ்.டி. வகையில் இந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். ஆனால் அடியோடு மறையாது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். தாமதம் பதிவு செய்வதில் இல்லை, உறுதி செய்வதில் இருக்கிறது. 1000 ரசீதுகளையும் ஒரே கட்டாகக் கட்டி, கடைசியில் ஒரே ஒரு முறை உறுதி செய்தால் அதே டிஸ்க்கில் கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்துவிடும். இந்தக் கட்டுக்கு டிரான்சாக்ஷன் என்று பெயர். இம்முறையில் சாதாரண மேசைக் கணிப்பொறியிலேயே விநாடிக்கு 50,000 பதிவுகளுக்கு மேல் ஏற்றலாம் என்று எஸ்.க்யூ.லைட்டை உருவாக்கியவர்களே கூறுகிறார்கள். பழைய உறுப்பினர் பட்டியல் முழுவதையும் ஏற்றும்போது நாம் செய்ய வேண்டியது இதுதான்.

படிக்கும் வேலையில் வேறுபாடு இன்னும் குறைவு. ஒரு முறை படித்த கோப்பின் பக்கங்களைக் கணிப்பொறி தன் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளும். நூலகப் பட்டியலில் இரண்டாம் முறை தேடும்போது பெரும்பாலும் டிஸ்க்கைத் தொட வேண்டியதே இல்லை. மேலும், கேள்வியைப் புரிந்துகொண்டு அட்டவணையில் தேடும் வேலை இரண்டு முறைகளிலும் ஒன்றேதான். எனவே நினைவகத்துக்கு மாற்றினால் எல்லாமே பல மடங்கு வேகமாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

இடைவழி ஒன்றும் உண்டு. கடைக்காரர் வியாபார நேரத்தில் சிட்டையில் வரிசையாக எழுதிக்கொண்டே போவார். ஓய்வு கிடைக்கும்போது பேரேட்டில் பெயர்த்து எழுதுவார். 2010-இல் எஸ்.க்யூ.லைட்டில் சேர்க்கப்பட்ட வால் என்ற முறை இதேபோன்றதுதான். மாற்றங்கள் முதலில் ஒரு தனிக் கோப்பின் முடிவில் சேரும், பிறகு மூலக் கோப்புக்கு மாற்றப்படும். ஒருவர் எழுதும்போதே மற்றவர்கள் தடையின்றிப் படிக்கலாம் என்பது கூடுதல் நன்மை.

அப்படியானால் நினைவக முறை எதற்கு உதவும்? மறுபடியும் செய்துகொள்ளக்கூடிய எதற்கும் உதவும். மென்பொருளைச் சோதித்துப் பார்க்க, ஆண்டறிக்கைக்காகத் தற்காலிகக் கூட்டல் போட, பெரிய பட்டியலைப் பல விதமாக வரிசைப்படுத்த அது மிகச் சிறந்தது. ரசீது அப்படிப்பட்டதல்ல. ஒருவர் பணம் கொடுத்து, கையில் ரசீதும் வாங்கிச் சென்ற பிறகு மின்சாரம் போனால், நினைவகத்தில் இருந்த கணக்கு போனது போனதுதான். அவர் வீட்டில் ரசீது இருக்கும், நம் கணக்கில் அவர் பெயர் இருக்காது. ஊரை விட்டு வந்து, உழைத்த பணத்தில் ஒரு பங்கைச் சங்கத்துக்குத் தருபவருக்கு நாம் அப்படிச் செய்யலாமா? கவுண்டரில் ஒரு ரசீது எழுத எப்படியும் அரை நிமிடம் ஆகும். அங்கே ஒரு விநாடியின் சிறு பங்கை மிச்சப்படுத்தி யாருக்கு என்ன லாபம்?

எனவே செயற்குழுவுக்கு என் யோசனை இதுதான்: ரசீதும் உறுப்பினர் பதிவேடும் கோப்பில் இருக்கட்டும், ஒவ்வொரு ரசீதும் உடனுக்குடன் உறுதி செய்யப்படட்டும். வேகத்துக்காக அந்த உறுதி செய்யும் வசதியை நிறுத்திவைக்க வேண்டாம். கணக்குக் கூட்டல்களுக்கு மட்டும் நினைவகத்தைப் பயன்படுத்துவோம்.

மாணவர்களுக்குப் பயிற்சி: பைத்தான் மொழியுடன் எஸ்.க்யூ.லைட்டும் சேர்ந்தே வருகிறது. 1000 வரிகளை மூன்று விதமாக ஏற்றிப் பாருங்கள். முதலில் கோப்பில், வரிக்கு ஒரு முறை உறுதி செய்து, அடுத்து கோப்பில், ஒரே கட்டாக, மூன்றாவதாக நினைவகத்தில். நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவதற்கும் இரண்டாவதற்கும் உள்ள இடைவெளியையும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உள்ள இடைவெளியையும் ஒப்பிட்டால் இந்தப் பாடம் முழுவதும் விளங்கிவிடும். உங்கள் கணிப்பொறியில் இருப்பது சுழலும் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா என்பதையும் சேர்த்து எழுதி அனுப்புங்கள்.