சண்டே ஸ்கூல் டீச்சர், மதரஸா ஹஜ்ரத், தேவார ஆசிரியர்: பட்ஜெட்டுக்குள் பண்டிகை அன்பளிப்பு கொடுப்பது எப்படி?



பண்டிகை வந்தா துணி, பலகாரம், ஊருக்குப் போக டிக்கெட்னு பட்ஜெட் போடுறோம். அந்த லிஸ்ட்ல பெரும்பாலும் விட்டுப்போற ஒரு வரி இருக்கு. நம்ம பிள்ளைக்கு ஜெபம் சொல்லித்தர்ற சண்டே ஸ்கூல் டீச்சர், அலிஃப் பே-வில் தொடங்கி குர்ஆன் ஓதக் கத்துத்தர்ற ஹஜ்ரத், கோயில் மண்டபத்துல தேவாரம் பாடக் கத்துக்கொடுக்கிற ஐயா. இவங்களுக்கு ஏதாவது செய்யணும்னு மனசு இருக்கும். ஆனா பண்டிகைக்கு நாலு நாள் முன்னாடிதான் ஞாபகம் வரும். அப்போ வாட்ஸ்அப் குரூப்ல "ஆளுக்கு 500 போடுங்க"ன்னு ஒரு மெசேஜும் வரும். கையில் காசு இருக்காது. போடாம இருக்கவும் கூச்சம். கடைசியில் கிரெடிட் கார்டு.

3,000 ரூபாயைக் கார்டில் பாக்கி வைத்தால் என்ன ஆகும்? மாதம் 3.5% வட்டி போடும் கார்டு என்றால் வட்டி 105 ரூபாய், அதன் மேல் 18% ஜிஎஸ்டி சேர்த்தால் கிட்டத்தட்ட 124 ரூபாய். ஒவ்வொரு மாதமும். நன்றி சொல்வதற்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை. கொஞ்சம் முன்கூட்டி யோசித்தால் போதும்.

இந்தப் பதிவில் ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பக்கத்து வீட்டுக்காரர் எவ்வளவு கொடுத்தார் என்பதை வைத்து அன்பளிப்பை முடிவு செய்யாதீர்கள். வாங்கப்போகிற ஆசிரியர் எப்படிப்பட்ட நிலையில் இருக்கிறார் என்பதை வைத்து முடிவு செய்யுங்கள்.

முதலில், யாருக்குக் கொடுக்கிறோம்?

எல்லாரையும் "டீச்சர்"னு ஒரே கணக்குல போடுறோம். ஆனா பணக் கணக்குல இவங்க மூணு வகை.

முதல் வகை, சம்பளம் வாங்காமல் சேவையாகச் செய்பவர்கள். சண்டே ஸ்கூல், மறைக்கல்வி வகுப்பு ஆசிரியர்களில் பெரும்பாலானோர் இப்படித்தான். வாரம் முழுக்க வேறு வேலை; ஞாயிற்றுக்கிழமை காலையில் நம்ம பிள்ளைகளோடு. கோயிலில் இலவசமாகத் திருமுறை வகுப்பு எடுப்பவர்களும் இதே வகை.

இரண்டாம் வகை, இதுவே பிழைப்பாக உள்ளவர்கள். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத், வீட்டில் வைத்துப் பெண் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும் ஆலிமா, மாதக் கட்டணம் வாங்கித் தேவாரம் சொல்லித்தரும் ஆசிரியர். ஜமாஅத் தருகிற சம்பளமும் நாம் தருகிற கட்டணமும்தான் இவர்கள் வீட்டு அரிசி, வாடகை.

மூன்றாம் வகை, துறவு வாழ்க்கையில் இருப்பவர்கள். மறைக்கல்வி எடுக்கும் அருட்சகோதரிகள் ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள். நீங்கள் தருவது அவர்கள் சொந்தக் கைக்குப் போகாது, சபையின் பொதுவுக்குப் போகும்.

இந்த மூன்று பேருக்கும் ஒரே காபி மக்கை வாங்கிக் கொடுப்பதில்தான் பணம் வீணாகிறது.

அன்பளிப்புக்கு முன்னால் பாக்கி

இரண்டாம் வகை ஆசிரியர் என்றால் முதல் கேள்வி "என்ன வாங்கலாம்?" இல்லை. "கட்டணம் பாக்கி இருக்கா?" என்பதுதான்.

மாதம் 400 ரூபாய் கட்டணம். ரெண்டு மாசம் மறந்துட்டோம். பண்டிகைக்கு 600 ரூபாய்க்கு ஒரு ஸ்வீட் பாக்ஸ் வாங்கிட்டுப் போறோம். அவர் கணக்குல பார்த்தா, வரவேண்டிய 800 ரூபாய் இன்னும் வரலை. வீட்டுல ஸ்வீட் மட்டும் இருக்கு. வெளியில் கேட்கவும் மாட்டார், ஓதிக்கொடுக்கிறதுக்குக் காசு கேட்கிறாரேன்னு யாராவது பேசிடுவாங்கன்னு தயக்கம். அதனால் பாக்கியை முதலில் தீர்ப்போம். அதை அன்பளிப்புக் கவரில் சேர்த்து வைக்காதீர்கள். அது அவர் பணம், நம்ம பரிசு இல்லை.

எவ்வளவு கொடுக்கலாம்?

இதோ ரெண்டு எளிய அளவுகோல்.

சேவையாகச் செய்பவர்களுக்கு: குழந்தை ஒன்றுக்கு உங்கள் அரை நாள் சம்பளம் உச்சவரம்பு. கைக்கு வரும் சம்பளம் 36,000 என்றால் ஒரு நாளைக்கு 1,200. அரை நாள் 600. ரெண்டு பிள்ளைகள் என்றால் மொத்தம் 1,200. ஒரு பிள்ளைக்கு ரெண்டு டீச்சர் இருந்தால் அதே 600-ஐப் பிரியுங்கள், கூட்டாதீர்கள். இது மேல் எல்லைதான். 200 ரூபாயும் சரியான தொகையே.

பிழைப்பாகச் செய்பவர்களுக்கு: ஒரு மாதக் கட்டணம் கூடுதலாக. இது ஏன் தெரியுமா? சட்டம் சொல்ற குறைந்தபட்ச போனஸ் 8.33%. அது பன்னிரண்டில் ஒரு பங்கு, அதாவது ஒரு மாத அளவு. நமக்கு தீபாவளி போனஸ் வரலைன்னா ஆபீஸ்ல எவ்வளவு பேசுவோம்! ஹஜ்ரத்துக்கு நாம் தருகிற பதின்மூன்றாவது மாதக் கட்டணம்தான் போனஸ். கட்டணமே வாங்காத, ஜமாஅத் சம்பளம் கொடுக்கிற மதரஸா என்றால் மேலே சொன்ன அரை நாள் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

முஸ்லிம் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு. ஜகாத் வேறு, ஹதியா வேறு. ஜகாத்துக்கு யாருக்குப் போகணும்னு தனி விதி இருக்கு. பட்ஜெட் ஷீட்டில் ரெண்டையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மாதம் 100 ரூபாய் போதும்

அந்த 1,200 ரூபாய் டிசம்பரில் ஒரே அடியாகப் போனால் வலிக்கும். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 100. ஜனவரியிலேயே தனியாக எடுத்துவைக்கத் தொடங்கினால், டிசம்பரில் இந்தச் செலவே தெரியாது. தனி சேமிப்புக் கணக்கு, சின்ன ஆர்.டி., அலமாரியில் ஒரு கவர், எது உங்களுக்குக் கைப்பழக்கமோ அது.

ரமலானுக்குச் சேர்ப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்கணும். சந்திர ஆண்டுக்கு சுமார் 354 நாள்தான். பெருநாள் ஒவ்வொரு வருஷமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் வந்துவிடும். 2024-ல் ஏப்ரல் 11, 2025-ல் மார்ச் 31. அதனால் பன்னிரண்டு மாதமாக வகுக்காமல் பதினொன்றாக வகுங்கள். ரெண்டு பிள்ளைகள், தலா 400 கட்டணம் என்றால் இலக்கு 800. மாதம் 75 வைத்தால் பதினொரு மாதத்தில் 825. இன்னொரு விஷயம்: இப்போது பெருநாள் பிப்ரவரி, மார்ச் பக்கம் நகர்ந்து வருகிறது. அந்த மாதங்களில்தான் வருமான வரிப் பிடித்தத்தால் பலருக்கும் சம்பளம் குறைந்து வரும். முன்கூட்டிச் சேர்த்து வைக்காதவர்களுக்கு அப்போதுதான் திண்டாட்டம்.

விஜயதசமிக்குக் கொடுப்பவர்களுக்கும் இதே கதை. அதற்குப் பின்னாலேயே தீபாவளி நிற்கும். தீபாவளி போனஸ் வரட்டும்னு காத்திருந்தா குருதட்சிணை தள்ளிப்போகும்.

வாட்ஸ்அப் வசூல்: நாலு விதி

சேர்ந்து கொடுப்பது நல்ல வழி. இருபது பெற்றோர் ஆளுக்கு 150 போட்டால் 3,000. தனித்தனியா இருபது டப்பா கொடுப்பதைவிட அது ஆசிரியருக்குப் பயன்படும். ஆனா வசூல் பண்ற விதத்துல ஒரு குடும்பத்தைக் காயப்படுத்திடலாம். "இன்னும் போடாதவங்க"ன்னு பேர் போட்டு லிஸ்ட் வந்தா, அந்த அம்மா அடுத்த வாரம் பிள்ளையை வகுப்புக்கே அனுப்பத் தயங்குவாங்க. ஒரு பரிசுக்காக ஒரு பிள்ளையோட வகுப்பு நிற்கலாமா?

1. தொகை நிர்ணயம் வேண்டாம். "முடிந்ததைப் போடுங்க, போடலைன்னாலும் எல்லார் சார்பிலும்தான் கொடுக்கிறோம்" என்று முதல் மெசேஜிலேயே சொல்லுங்கள்.
2. பணம் ஒருவருடைய யுபிஐ-க்கு மட்டும். ஸ்கிரீன்ஷாட் குரூப்பில் வேண்டாம்.
3. கடைசியில் மொத்தத் தொகையையும் என்ன செய்தோம் என்பதையும் மட்டும் போடுங்கள். யார் எவ்வளவு என்பது வேண்டாம்.
4. கவரின் மேல் எல்லாப் பிள்ளைகளின் பெயரும் இருக்கட்டும், காசு போட்டவர்கள் பெயர் மட்டும் இல்லாமல்.

குரூப்பில் போட்டுவிட்டால் தனியாக வேறு கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் வைத்திருக்கும் உச்சவரம்புக்குள் அதுவும் சேர்த்தி. வசூலைத் தொடங்கும் முன், பள்ளிவாசல் நிர்வாகத்திடமோ பங்குத் தந்தையிடமோ ஆயரிடமோ ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சில இடங்களில் எல்லா ஆசிரியருக்கும் பொதுவாகப் பிரித்துக்கொடுப்பதே வழக்கம்.

என்ன கொடுக்கலாம், எப்போது கொடுக்கலாம்?

சேவை ஆசிரியர்களுக்கு: சார்ட், ஸ்கெட்ச் பேனா, கிறிஸ்துமஸ் நாடகத்துக்குத் தேவதை இறக்கை, மனப்பாட வசனம் சொன்ன பிள்ளைக்குச் சாக்லெட். இதையெல்லாம் பல டீச்சர்கள் சொந்தக் காசில் வாங்குகிறார்கள். "இந்த வருஷ நாடகச் செலவுல எங்க பங்கு என்ன டீச்சர்?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் கையிலிருந்து போன பணத்தைத் திருப்புவதைவிட நல்ல பரிசு இல்லை. இதை டிசம்பர் முதல் வாரத்திலேயே கேட்கணும். நாடகம் முடிந்த பிறகு கேட்டால் "பரவாயில்லை, இருக்கட்டும்" என்றுதான் பதில் வரும்.

பிழைப்பாகச் செய்பவர்களுக்கு: தயங்காமல் பணம். நல்ல கவரில், பிள்ளையின் கையால். பெருநாளன்று கொடுத்தால் தாமதம்; அதற்குள் அவர் தன் பிள்ளைகளுக்குத் துணி எடுத்திருக்க வேண்டும், சொந்த ஊருக்கும் கிளம்பியிருக்கலாம். ரமலான் பாதியிலேயே கொடுத்துவிடுங்கள். ஜிப்பா துணி எடுத்துத் தர ஆசையா? ரமலான் பிறக்கும் முன்பே கொடுங்கள், பிறகு டெய்லர் ஆர்டர் எடுக்க மாட்டார். தேவார ஆசிரியருக்கு வெற்றிலை பாக்கு, பழத்தோடு தட்டில் 501 வைத்தால் முறைக்கு முறை, உதவிக்கு உதவி.

அருட்சகோதரிகளுக்கு: வகுப்புக்குப் பயன்படும் பொருள். நோட்டு, கதைப் புத்தகம், வண்ணப் பென்சில்.

தவிர்க்க வேண்டியவை: சுவர்க் கடிகாரம், போட்டோ ஃபிரேம், பைபிள் கவர். பத்து வருஷமா பாடம் எடுப்பவர் வீட்டில் இதெல்லாம் ஏற்கெனவே வரிசையாக இருக்கும். அந்த ஊரில் கடையே இல்லாத பிராண்டின் கிஃப்ட் வவுச்சரும் வேண்டாம்.

456 ரூபாயில் ஒரு பாதுகாப்பு

நம்ம சேனல் பார்க்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனா: வருஷத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் விபத்துக் காப்பீடு, வயது 18 முதல் 70. ஜீவன் ஜோதி பீமா யோஜனா: வருஷத்துக்கு 436 ரூபாய், 2 லட்சம் ஆயுள் காப்பீடு, சேரும் வயது 18 முதல் 50. ரெண்டும் சேர்த்து 456 ரூபாய்தான்.

நமக்கு ஆபீஸ்ல பி.எஃப்., குரூப் இன்ஷூரன்ஸ் எல்லாம் தானா வந்துடுது. ஓதிக்கொடுப்பவருக்கு அப்படி எதுவும் தானாக வருவதில்லை. அவருக்கு விருப்பம் இருந்தால், கவரில் இந்தத் தொகையையும் வைத்து, அவர் வங்கிக்கிளையில் படிவம் நிரப்பக் கூடப் போய் வாருங்கள். பிரீமியம் அவர் கணக்கிலிருந்தே பிடிக்கப்படும். ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. அதனால் மே கடைசியில் கணக்கில் பணம் இருக்கணும்னு ஒரு ஞாபக மெசேஜ் அனுப்பினால் அடுத்த வருஷத்துக்கும் உங்கள் பரிசு தொடரும். மதரஸா ஆசிரியர்களுக்குத் தமிழ்நாட்டில் உலமாக்கள் நல வாரியமும் இருக்கிறது. அதில் பதிவு செய்ய உதவுவதும் பணச்செலவில்லாத பெரிய உதவி. சிலர் மார்க்கக் காரணத்தால் காப்பீடு வேண்டாம் என்பார்கள். அப்படியென்றால் வற்புறுத்தாதீர்கள், நல வாரியப் பதிவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கையில் ஒண்ணுமே இல்லாத மாசம்

வேலை போன வருஷம், மருத்துவச் செலவு வந்த வருஷம் எல்லாருக்கும் உண்டு. அந்த வருஷம் பணம் கொடுக்காதீர்கள். பிள்ளையைவிட்டு ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். "ஹேப்பி கிறிஸ்துமஸ் மிஸ்" என்ற ஒற்றை வரி வேண்டாம். இந்த வருஷம் மனப்பாடமான வசனம் எது, தடுக்காமல் ஓத வந்த சூரா எது, பாட வந்த பதிகம் எது, அதில் எந்த இடம் கஷ்டமா இருந்தது என்று எழுதட்டும். தன் உழைப்பு எங்கே போய்ச் சேர்ந்தது என்று ஆசிரியருக்கு அதில் தெரியும். பணம் கொடுக்கிற வருஷமும் இந்தத் தாள் கவருக்குள் இருக்கட்டும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது

ஆசிரியர்கள் பெயரை எழுதி, பக்கத்தில் எந்த வகை என்று குறியுங்கள். கட்டணப் பாக்கி இருந்தால் இன்றைக்கே அனுப்புங்கள். அடுத்த பண்டிகைக்கு எத்தனை மாதம் இருக்கிறது என்று எண்ணி, மேலே சொன்ன அளவை அதனால் வகுத்து, வரும் சம்பள நாளிலிருந்து அந்தத் தொகையை ஒதுக்குங்கள். அவ்வளவுதான்.

உங்க ஊர்ல சேர்ந்து கொடுக்கிற வழக்கம் எப்படி இருக்கு? கமெண்ட்ல எழுதுங்க. அடுத்த பதிவில் சந்திப்போம்.